பற்றரி ஒன்றுதான், மறை (−) வோல்ற்றளவு எங்கிருந்து வந்தது?

வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. திருகோணமலை உப்புவெளியில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கிறேன். ஒரு சிலிக்கன் திரான்சிற்றர் கணக்கு இரண்டு நாளாக உயிரை வாங்குகிறது.

வழங்கல் 6 வோல்ற்று, அடித்தடை 530 கிலோ ஓம், மின்னோட்ட நயம் 100 (அதாவது சேகரிப்பான் மின்னோட்டம் அடி மின்னோட்டத்தின் 100 மடங்கு). அடி–காலி (base–emitter) வோல்ற்றளவு 0.7 எனக் கொண்டால் அடி மின்னோட்டம் 10 மைக்ரோ அம்பியர். சேகரிப்பானில் (collector) 1 மில்லி அம்பியர். சேகரிப்பான் தடை 3 கிலோ ஓம் என்றபோது சேகரிப்பான்–காலி வோல்ற்றளவு 3 என்று அழகாக வந்தது. தடையை 10 கிலோ ஓம் ஆக்கினால் விடை மறை 4!

“நிரம்பல் நிலை” (saturation, சேகரிப்பான் மின்னோட்டம் அதற்குமேல் கூட முடியாத நிலை) என்று நண்பன் ஒரே சொல்லில் முடித்துவிட்டான். (அவன் எப்போதும் அப்படித்தான்.) அப்படியானால் மின்னோட்டம் 0.6 மில்லி அம்பியரைத் தாண்டாதா? 100 மடங்கு என்ற விதியை எந்த இடத்தில் கைவிட வேண்டும்? படிமுறையோடு யாராவது விளக்குங்கள். ஒளிமின் விளைவுக் கணக்குகளில் தடுமாறுவோருக்கு நான் கைமாறு செய்கிறேன்.