‘மாரண்டஅள்ளி சொந்தங்கள்’ குழுவில்: காரியத்துக்குக் கூத்தா, படமா?

ஓசூர் குமார்: வருகிற வியாழன் தாத்தாவின் 16ஆம் நாள் காரியம். ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பதா இல்லையா, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கூத்து வாத்தியார் முன்பணம் கேட்கிறார்.

பெங்களூர் சித்தி: எவ்வளவு?

ஓசூர் குமார்: செட்டுக்கு 28 ஆயிரம். பந்தல், மைக் தனி.

பெங்களூர் சித்தி: அம்மாடி.

காரிமங்கலம் மாமா: உன் பையன் கல்யாணத்தில் டிஜேவுக்கு 40 கொடுத்தபோது இந்த அம்மாடி எங்கே போனது?

பெங்களூர் சித்தி: அண்ணா, காரியப் பேச்சை மட்டும் பேசுங்கள்.

பிரபு: என்னிடம் புரொஜெக்டர் இருக்கிறது. வாசலில் வேட்டியைக் கட்டிக் கர்ணன் படம் போட்டுவிடலாம். அதே கதைதானே? செலவே இல்லை.

திவ்யா: தனுஷ் படமா?

பிரபு: சிவாஜி. 1964.

காரிமங்கலம் மாமா: நல்ல யோசனை.

வாத்தியார் சித்தப்பா: பிரபு, அதே கதை என்கிறாயே, அங்கேதான் தப்பு. பந்துலு எடுத்த அந்தப் படத்தில் கர்ணன் மனைவி பெயர் சுபாங்கி, நடித்தது தேவிகா. ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள். கூத்தில் அவள் பொன்னுருவி. தேரோட்டி வளர்த்தவன் என்று புருஷனை மதிக்காதவள். 17ஆம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கும். அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். அவள் கெட்ட சொப்பனம் கண்டதைச் சொல்லிப் போகாதே என்று மறிக்கிறாள். நம் பக்கம் அந்த ஒரு கட்டமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். நடுவில் கட்டியங்காரன், கூத்துக் கோமாளி, வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவான், அழுகை இன்னும் கூடும். மூன்று மணி நேரப் படத்தில் அதற்கு எங்கே இடம்?

பிரபு: சரி சித்தப்பா

வாத்தியார் சித்தப்பா: இன்னும் முடிக்கவில்லை. கடைசியில் கிருஷ்ணன் அந்தணர் வேடத்தில் வந்து புண்ணியத்தைத் தானம் கேட்பதும், இவன் ரத்தத்தால் தாரை வார்ப்பதும் இரண்டிலும் உண்டு. வியாசரில் கிடையாது, வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் படம் குறைச்சல் என்று சொல்ல மாட்டேன். சீர்காழி குரலில் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ வந்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அங்கே மோட்சம் கர்ணனுக்கு மட்டும். இங்கே விடியற்காலையில் கர்ணன் விழும்போது நம் வீட்டு உயிரும் அவன் கூடவே கரையேறும் என்று நம்பித்தானே ஊரே விழித்துக்கிடக்கிறது.

திவ்யா: அப்படியானால் தளபதி போடலாமா? அதில் கர்ணன் சாகவே மாட்டார். மம்மூட்டிதான் போவார்.

வாத்தியார் சித்தப்பா: கருமாதி வீட்டில் சாகாத கர்ணனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஓசூர் குமார்: 😂

காரிமங்கலம் மாமா: இரண்டிலும் ரஜினிதான் நன்றாக நடித்திருப்பார்.

பிரபு: இரண்டிலுமா மாமா?

பெங்களூர் சித்தி: 2012இல் சிவாஜியின் கர்ணனை மறுபடி விட்டபோது அப்பாவைச் சேலம் கூட்டிப்போனோமே. இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, ‘எல்லாம் சரி, பொன்னுருவி எப்போ வருவா?’ என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

ஓசூர் குமார்: 10 மணிக்கு மேல் மைக் போடக் கூடாது. அதையும் யோசியுங்கள்.

வாத்தியார் சித்தப்பா: மைக் எதற்கு? கூத்தில் ஊதுகிற முகவீணைக் குழல் ஏரிக்கரைவரை கேட்கும். மைக் செலவும் மிச்சம்.

காரிமங்கலம் மாமா: மிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. மாந்தோப்புக் குத்தகைப் பணம் யாரிடம் இருக்கிறது? அதிலிருந்து கொடுக்கலாமே.

பெங்களூர் சித்தி: அதை இங்கே பேச வேண்டாம்.

காரிமங்கலம் மாமா: எங்கே பேசலாம் என்று சொன்னால் அங்கே வருகிறேன்.

திவ்யா: ஆயா பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘கட்டி வந்த புதுசில் மூணு வருஷம் அந்த மனுஷன் தட்டில் நான் சோறு போட்டதில்லை. சட்டியோட நகர்த்திவெச்சிட்டுப் போயிடுவேன். எங்க வீட்டு அந்தஸ்து அப்படி. பொன்னுருவி வந்து பாடுறவரைக்கும் நான் உக்காந்திருப்பேன். அப்புறம் நீங்க எந்த சினிமா வேணும்னாலும் போட்டுக்கங்க.’

காரிமங்கலம் மாமா: சரி.

பிரபு: சரி.

பெங்களூர் சித்தி: என் பங்கு 5 ஆயிரம். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

ஓசூர் குமார்: முன்பணம் 2 ஆயிரம் அனுப்பிவிட்டேன். மீதியை யார் யார் என்று யாருமே சொல்லவில்லை. இன்னொன்று, பொன்னுருவி வேஷம் கட்டுகிற பெரியவருக்கு முழங்கால் வலியாம், பஸ் ஏற மாட்டார். பாலக்கோட்டிலிருந்து யாராவது கூட்டிவர வேண்டும். இல்லையென்றால் புதுப் பையனை அனுப்புவார்களாம்.

வாத்தியார் சித்தப்பா: புதுப் பையன் வேண்டவே வேண்டாம். அவனுக்கு ஒப்பாரி ராகம் ஏறவில்லை.

அரூர் பெரியப்பா: இனிய காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.

பெங்களூர் சித்தி: மாமா, மேலே படியுங்கள்.

பிரபு: நான் பைக்கில் போய்க் கூட்டிவருகிறேன். கிரீடமும் தோளில் கட்டுகிற புஜக்கீர்த்தியும் அவரே எடுத்துவருவாரா?

ஓசூர் குமார்: பொன்னுருவிக்கு ஏதடா கிரீடமும் புஜக்கீர்த்தியும்? சேலைப் பெட்டி ஒன்றுதான். மடியில் வைத்துக்கொள்வார். மெதுவாக ஓட்டு.