சமூகவியல் படித்தபின் ஆய்வு உதவியாளர் வேலை: உள்ளே என்னதான் இருக்கும்?

வியாசர்பாடி மாணவி:
வணக்கம். பி.ஏ. சமூகவியல் கடைசி வருஷம். எம்.ஏ. முடித்ததும் ஆய்வு உதவியாளராகச் சேர ஆசை. அந்த வேலையில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? நெட் தகுதித் தேர்வு கட்டாயமா?

களப்பணியாளர்:
முதல் வேலை வீடுகளைச் சரியாக எண்ணுவதும்மா. மத்திய அரசு வீடு வீடாக நடத்தும் தேசிய மாதிரி ஆய்வில், சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். வடசென்னையில் ஒரே கதவு எண்ணுக்குள் மூன்று அடுப்பு எரியும். ரேஷன் கார்டை வைத்து எண்ணாதீர்கள். தனியாகச் சமைக்கும் மகனின் பெயர் அப்பா கார்டிலேயே இருக்கும்.

அடுத்தது பூட்டிய வீடு. பகல் பதினொரு மணிக்குப் போய், பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தால், வேலைக்குப் போகும் பெண்கள் கணக்கிலிருந்தே நழுவிவிடுவார்கள். மாலையிலும் ஞாயிறன்றும் சேர்த்து மூன்று தடவையாவது போய்ப் பார்த்த பிறகுதான் அதற்குப் பதிலாக வேறு வீட்டை எடுக்க வேண்டும்.

தரவைக் கெடுப்பதில் பெரியது இன்னொன்று. கேள்வித்தாளில் “ஆம்” என்று குறித்தால் துணைக்கேள்விகள் வரிசையாகத் திறக்கும், “இல்லை” என்றால் மூடிவிடும். களைத்துப்போன கணக்கெடுப்பாளரின் கை தானாக “இல்லை”யில் விழும். ஒவ்வொரு கணக்கெடுப்பாளரின் “இல்லை” விகிதத்தையும் அன்றன்று இரவே பாருங்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பி, நாலைந்து கேள்விகளை மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

தரவு மேசை:
கல்லூரியில் இருக்கும்போதே புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) மென்பொருளைப் பழகிவிடுங்கள், இலவசம்தான். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் பதிவு செய்தால் பி.எல்.எஃப்.எஸ். தொழிலாளர் ஆய்வின் மூலத்தரவும் கிடைக்கும். தமிழ்நாட்டு நகர்ப்புறப் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தை (வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த பங்கு) நீங்களே கணக்கிட்டு, ஆண்டறிக்கை எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் முதலில் வெயிட் (மாதிரியில் வந்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்) சேர்த்தீர்களா என்று பாருங்கள். அடுத்து வயது: 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் எல்லா வயதினருக்கும் தனித்தனி எண்கள் உண்டு. அதன்பின், வழக்கமான நிலையா (கடந்த ஓராண்டை வைத்துப் பார்ப்பது) வார நிலையா (கடந்த ஏழு நாளை வைத்துப் பார்ப்பது) என்பது. இந்தப் பயிற்சியைச் செய்தவருக்கு வேலை நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

அடையாறு வாசகர்:
நெட், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கும். என்.ஜி.ஓ. திட்டங்களில் அதைக் கட்டாயமாகக் கேட்பது குறைவு. ஆனால் பிஎச்.டி. எண்ணம் இருந்தால் விடாதீர்கள்: 2023 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு சலுகை.

ஆலோசனை, மருத்துவமனை, தொழிலாளர் நலன் பக்கம் மனம் போனால் அது சமூகப்பணிப் படிப்பு. 1952இல் தொடங்கிய, எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைப் பாருங்கள்.

திட்ட வேலைகள் ஒப்பந்தத்தில்தான். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை மாதம், களப்பயணச் செலவை முன்பணமாகத் தருவார்களா, அறிக்கையில் உங்கள் பெயர் வருமா.