இரண்டு பெட்டிக் காலம்: சவுத்வெஸ்ட் பயணங்களில் உங்கள் அனுபவம் என்ன?

டாலஸ் பக்கம், பிளேனோவிலிருந்து (2025 ஆகஸ்ட்):

சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானங்களில் 2026 ஜனவரி 27 முதல் சீட் நம்பர் வருகிறது. அதற்கான டிக்கெட்டைப் போன மாதம், ஜூலை 29 முதலே விற்கிறார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி இலவசம் என்றிருந்தது போய், பெட்டிக்குக் காசு வாங்குவது மே 28இல் தொடங்கிவிட்டது. 1971இல் டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று மூன்று ஊர்களுக்கு இடையே பறக்க ஆரம்பித்த கம்பெனி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஏறியவர் பிடித்த இடத்தில் உட்காரலாம் என்றே ஓடியது. நம் ஆட்கள் பலருக்கு அமெரிக்காவில் முதல் உள்நாட்டுப் பயணமே இதில்தான் இருந்திருக்கும். மாறிப்போவதற்கு முன்னால் அவரவர் அனுபவத்தை எழுதி வைப்போமே என்று ஆரம்பிக்கிறேன்.

நான் பதினோரு ஆண்டு கன்சல்டிங் வேலையில் இருந்தவன். திங்கள் விடியற்காலை டாலஸின் லவ் ஃபீல்டு விமான நிலையம், வியாழன் இரவு திரும்ப லவ் ஃபீல்டு. கேட்டுக்கு முன்னால், ஏறும் வரிசைக்கான நம்பர் எழுதிய கம்பங்கள் வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் 1 முதல் 30, மறு பக்கம் 31 முதல் 60. ஏ குரூப் போனதும் பி, அப்புறம் சி. கம்பத்துக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், "உங்கள் நம்பர் என்ன?" 23 என்பவர் 24க்கு முன்னால் நகர்ந்து நிற்பார். யாரும் அதட்டுவதில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த எனக்கு, முன்பின் தெரியாதவர்கள் தாங்களாகவே வரிசை கட்டுவதைப் பார்க்க அவ்வளவு பிடித்திருந்தது. முன்பின் தெரியாத அமெரிக்கர்களிடம் கூச்சமில்லாமல் பேசப் பழகியது அந்தக் கம்பத்தடியில்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கம்பானியன் பாஸ் பற்றி. ஒரு காலண்டர் ஆண்டில் 100 ஒருவழிப் பயணம் அல்லது 1,35,000 பாயிண்ட் சேர்ந்தால், நாம் எங்கே போனாலும் கூட ஒருவரை அழைத்துப் போகலாம். அவருக்கு டிக்கெட் காசு இல்லை, வரி மட்டும்தான். உள்நாட்டில் ஒரு வழிக்கு 5 டாலர் 60 சென்ட். பாஸ் கிடைத்த ஆண்டின் மிச்ச நாள்களுக்கும் அடுத்த ஆண்டு முழுவதற்கும் செல்லும்.

2019இல் என் கொழுந்தியாளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவள் இருப்பது ஃபீனிக்ஸில். மாப்பிள்ளை வேலையை விட முடியாத நிலைமை, குழந்தைக்கு நான்கு வயது. என் மனைவி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும் என்று துடித்தாள். பாஸ் இருந்தது. ஆனால் அதன் விதி, கம்பானியன் தனியாகப் போக முடியாது, பாஸ்காரரும் அதே விமானத்தில் போக வேண்டும். அதனால் நானும் போனேன். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவோம். என் டிக்கெட் பாயிண்டில், அவள் டிக்கெட் வரிப்பணத்தில். ஒன்பது தடவை போனோம். அக்கா தங்கை இருவரும் உள்ளே படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள், நான் குழந்தையைப் பார்க்குக்குக் கூட்டிப் போவேன். அந்தக் குழந்தைக்கு இன்றைக்கும் நான்தான் பெரியப்பா, சைக்கிள் கற்றுக்கொடுத்தவன். கொழுந்தியாள் இப்போது நன்றாக இருக்கிறாள்.

அந்தப் பாஸைக் கம்பெனி நிறுத்தவில்லை, இன்னும் இருக்கிறது. ஆனால் மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுக்கு டாலருக்கு 6 பாயிண்ட் என்றிருந்ததை 2 ஆக்கிவிட்டார்கள். 150 டாலர் டிக்கெட்டுக்கு 900 பாயிண்ட் கிடைத்த இடத்தில் இனி 300. கம்பெனிக் காசில் விலை உயர்ந்த டிக்கெட்டில் பறப்பவர்களுக்கு முன்பைவிடக் கூடுதல். சொந்தக் காசில் மலிவான டிக்கெட் எடுத்துப் பிள்ளை வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் போகிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. எனக்கு வருத்தம் அங்கேதான்.

உங்கள் கதையை எழுதுங்கள்.

நாஷ்வில்லிலிருந்து:

அண்ணா, படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வருவாள். முதல் மூன்று மாதம் ஹூஸ்டனில் அண்ணன் வீடு, அப்புறம் மூன்று மாதம் என் வீடு. சென்னையில் இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. அமெரிக்கக் கணக்கில் 50 பவுண்டு. சவுத்வெஸ்டிலும் இலவசமாக இரண்டு பெட்டி, பெட்டிக்கு 50 பவுண்டு என்றிருந்தது. அதனால் சென்னையில் கட்டியதை அப்படியே நாஷ்வில்லில் அவிழ்த்தால் போதும்.

அம்மா ஊரிலேயே கணக்குப் போட்டுவிடுவாள். ஒரு பெட்டி மதினிக்கு, ஒரு பெட்டி எனக்கு. என்னுடையதை ஹூஸ்டனில் திறக்கவே விடமாட்டாள். "அதத் தொடாதீய, அது பாப்பாக்குள்ளது" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். மூன்று மாதம் கழித்து நான் திறக்கும்போது வரும் வாசனை இருக்கிறதே! சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், எள்ளு வறுத்துப் போட்ட இட்லிப்பொடி, நடுவில் அமுங்காமல் இருக்க என் பழைய பாவாடையில் சுற்றிய ஒரு ஈயச்சொம்பு. காலியான மற்றப் பெட்டியில் அண்ணன் வீட்டிலிருந்து பேரப்பிள்ளைகளின் சின்னதாகிப்போன துணிமணியை என் பிள்ளைகளுக்கு நிரப்பிக்கொண்டு வருவாள். ஆக அதுவும் ஐம்பது பவுண்டு!

ஹூஸ்டனின் ஹாபி விமான நிலையக் கவுண்டரில் ஒரு தடவை ஒரு பெட்டி 51 காட்டியது. அங்கே இருந்த ஊழியர் எங்கள் அம்மாவைப் பார்த்தார், கைப்பிடியில் கட்டியிருந்த சேலைக்கரையைப் பார்த்தார். "மகளைப் பார்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தலையை ஆட்டினாள். அவர் டேக்கை ஒட்டி பெல்ட்டில் அனுப்பிவிட்டார். அண்ணன் போனில் சொன்னதிலிருந்து நான் அதை மறக்கவே இல்லை. அந்த ஊழியர்களுக்கெல்லாம் நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

2025 மே மாதத்திலிருந்து முதல் பெட்டிக்கு 35 டாலர், இரண்டாவதுக்கு 45. ஒரு வழிக்கு 80. எங்களால் கொடுக்க முடியும், அது இல்லை விஷயம். அம்மாவிடம் அதைச் சொன்னால் பெட்டியைப் பிரித்து, தன் சேலையை எடுத்து வைத்துவிட்டு, ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பாள். அதனால் இந்த முறை சொல்லப்போவதில்லை. அவளை அழைத்து வரும் அண்ணனிடம் அந்த விமான கம்பெனியின் கிரெடிட் கார்டு இருக்கிறது, அதற்கு ஒரு பெட்டி இலவசம். இன்னொன்றுக்கு நான் போன் வழியாகவே கட்டிவிடுவேன்.

செயின்ட் லூயிஸிலிருந்து:

தங்கச்சி எழுதியதைப் படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் பறைக்குழு. 2024 ஜூலையில் சான் அன்டோனியோவில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா. பன்னிரண்டு பேர். ஆளுக்கு இரண்டு என்றால் இருபத்துநான்கு பெட்டி நம் கையில். பறைகளை இரண்டிரண்டாக முகம் பார்த்து வைத்து, நடுவில் துண்டு விரித்து, பெரிய பெட்டிகளில் அடுக்கினோம். சலங்கை தனி, வேட்டி துண்டு தனி, குச்சிகள் தனி. காசைப் பற்றிய பேச்சே எழவில்லை. யாருக்கும் பெட்டி இல்லை என்று சொல்லி எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. சின்னப் பிள்ளைகள் நான்கு பேர் அந்த வருடம்தான் முதல்முதலாக மேடையேறினார்கள். அவர்களுக்கென்று வாங்கிய சின்னப் பறைகளையும் கொண்டுபோக முடிந்தது.

வேறொரு கம்பெனியில் இன்னொரு ஊருக்குப் போனபோது பெட்டிக்கு வந்த பில்லைப் பார்த்துவிட்டு ஆறு பறை மட்டும் எடுத்துப்போய் மாற்றி மாற்றி அடித்தோம். அடித்தவர்கள் எல்லோரும் நன்றாக அடித்தார்கள். ஆனால் ஆறு பறைக்கும் பன்னிரண்டு பறைக்கும் அரங்கில் சத்தம் ஒன்றாக இருக்காது.

அடுத்த பேரவைக்கு வேன் எடுத்துக்கொண்டு ஓட்டிப் போவதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பால்டிமோரிலிருந்து:

எல்லோரும் வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு சீட் நம்பர் வருவது பெரிய நிம்மதி. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பயணத்துக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து விமானம் வரைவான். ஜன்னல்களை எண்ணி எண்ணி வரைவான், ஒன்று கூடக் குறையக் கூடாது. வரைந்து முடித்ததும் பென்சிலை என் கையில் கொடுத்து, "நான் எங்கே?" என்று கேட்பான். பெருக்கல் குறி போட்டுக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவான்.

அந்தக் கேள்விக்கு சவுத்வெஸ்டில் பதில் இருந்ததில்லை. முன்னால் ஏற்றிவிடச் சொல்லிக் கேட்டால் அன்பாக உதவி செய்வார்கள், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஏறிய பிறகு நல்ல இடம்தான் கிடைக்கும். ஆனால் அவனுக்குத் தேவை நல்ல இடம் இல்லை, முதல் நாள் ராத்திரியே தெரிந்த இடம். "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் கண்ணா" என்றால் அவன் விடியும்வரை அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என் கணவருக்கும் எனக்கும் அந்த இரவுகள் தெரியும்.

சரியாக 24 மணி நேரத்துக்கு முன்னால் செக்-இன் செய்வதற்கு அலாரம் வைத்துக்கொண்டு காத்திருந்ததும் உண்டு. மதியம் 2:10க்கு விமானம் என்றால் முதல் நாள் 2:10க்கு கையில் போன். ஒரு நிமிடம் தாமதித்தால் பி குரூப்பில் பின்னால் போய்விடுவோம். அவனுக்கு ஆறு வயது இருந்தவரை குடும்பத்தோடு ஏவுக்கும் பிக்கும் நடுவில் ஏறிவிடுவோம், பிறகு அதுவும் இல்லை.

போன வருடம் இந்த மாற்றத்தை அறிவித்தபோது, தங்கள் பயணிகளில் 80 சதவீதம் பேர் சீட் நம்பர் வேண்டும் என்று விரும்புவதாக அவர்களே சொன்னார்கள். நானும் அந்த 80இல் ஒருத்தி. பிப்ரவரியில் டாம்பாவில் இருக்கும் மாமியாரைப் பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜன்னல் சீட், பதினோராவது வரிசை. ஆறு மாதம் இருக்கிறது, அவன் இப்போதே வரைந்து குறி போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டான்.

சிகாகோவிலிருந்து:

ரிட்டயர் ஆனவன், கணக்குப் பார்த்தே பழகியவன். ஏன் மாறியது என்று இரண்டு வரி எழுதுகிறேன்.

47 ஆண்டு தொடர்ந்து லாபம் காட்டிய கம்பெனி இது, கொரோனா வரும்வரை. 2022 டிசம்பர் பனிப்புயலின்போது பதினாறாயிரத்துக்கும் மேல் விமானங்களை ரத்து செய்தார்கள், மறு ஆண்டு அரசு 140 மில்லியன் டாலர் அபராதத் தொகை விதித்தது. லாபம் மெலிந்திருந்த நேரத்தில், 2024இல் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தது. நிர்வாகக் குழுவில் இடமும் பெற்றது.

நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. 2024 செப்டம்பரில் முதலீட்டாளர்களிடம் இதே கம்பெனி ஒரு கணக்கைக் காட்டியது. பெட்டிக்குக் காசு வாங்கினால் ஏறக்குறைய 1.5 பில்லியன் டாலர் வரும், அதனால் விலகிப்போகும் பயணிகளால் 1.8 பில்லியன் போகும், ஆகவே வாங்கமாட்டோம் என்றார்கள். 2025 மார்ச் 11இல் வாங்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். நடுவில் ஆறு மாதம்கூட இல்லை. முதல் கணக்கைப் போட்டவர்கள் பயணியை நன்றாகத் தெரிந்தவர்கள் என்பது என் எண்ணம். நாஷ்வில் பெண்ணின் அம்மாவைப் போன்றவர்கள் எத்தனை லட்சம் பேர்!

பால்டிமோர் அம்மாவுக்கு: நீங்கள் எழுதியதற்குப் பிறகு சீட் நம்பர் விஷயத்தில் நான் மனசை மாற்றிக்கொண்டேன். பெட்டி விஷயத்தில் மாற்றிக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிய அவசியம் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

ஆர்லிங்டனில் படிக்கும் மாணவர்:

அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். கடந்த மார்ச்சில் ரத்து செய்த ஒரு டிக்கெட்டின் கிரெடிட் 118 டாலர் கிடக்கிறது. காலாவதி ஆகிவிடுமா? டிசம்பரில் ரூம்மேட் கல்யாணத்துக்குப் போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

பிளேனோவிலிருந்து:

தம்பி, பயப்பட வேண்டாம். 2025 மே 27 வரை எடுத்த டிக்கெட்டுகளின் கிரெடிட்டுக்குக் காலாவதி கிடையாது. 28 முதல் எடுத்தவைக்குத்தான் பன்னிரண்டு மாதம், மிக மலிவான பேசிக் டிக்கெட்டுக்கு ஆறு மாதம். ஆனால் ஒன்று கவனி. பழைய கிரெடிட்டை வைத்துப் புது டிக்கெட் எடுத்து அதையும் ரத்து செய்தால் புது விதிக்குள் வந்துவிடலாம். அதனால் தேதி உறுதியானதும் மட்டும் எடு. கல்யாணத்துக்கு வேட்டி சட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டி போட வேண்டாம்.

பால்டிமோர் அக்காவுக்கு: படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். பதினோராவது வரிசை ஜன்னல் என்றதும் அவள் சொன்னாள், ஃபீனிக்ஸ் போகும்போது நாங்களும் அந்தப் பக்கம்தான் உட்காருவோம், ஏறியதும் இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால் காலியாக இருக்கும் என்று. ஜனவரி 26, திங்கட்கிழமை, லவ் ஃபீல்டிலிருந்து ஹாபிக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம். கம்பத்தடியில் இன்னொரு தடவை நிற்க வேண்டும் போல இருக்கிறது. ஹூஸ்டன்காரர்கள் யாராவது அன்றைக்கு மாலை ஹாபியில் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து காபி குடிப்போம்.