'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதற்கு 'பை'யா, 'அன்டில்'லா, 'விதின்'னா?

கேள்வி:
அலுவலகத்தில் நாள்தோறும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. 'வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை அனுப்பிவிடுகிறேன்' என்று எழுத 'பை ஃப்ரைடே' என்பதா, 'அன்டில் ஃப்ரைடே' என்பதா, 'விதின் ஃப்ரைடே' என்பதா? உடன் பணிபுரிவோர் மூன்றையும் எழுதுகிறார்கள். 'பை' என்றால் வெள்ளிக்கிழமையும் அதில் அடங்குமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
'பை ஃப்ரைடே' என்பதே சரி. தமிழில் 'வெள்ளிக்குள்' என்றும் சொல்கிறோம், 'மூன்று நாளுக்குள்' என்றும் சொல்கிறோம். கெடுவுக்கும் கால அளவுக்கும் நமக்கு 'க்குள்' ஒன்றே போதும் என்பதால்தான் இந்தத் தடுமாற்றம் வருகிறது. ஆங்கிலத்தில் கிழமை, தேதி, மணி என்று கெடுவைக் குறித்தால் 'பை' வரும். மூன்று நாள், இரண்டு வாரம் என்று அளவைச் சொன்னால் 'விதின்' வரும். ஆகவே 'விதின் த்ரீ டேஸ்' சரி, 'விதின் ஃப்ரைடே' பிழை.

'அன்டில்' என்பது நம்முடைய 'வரை'. ஒரு செயலோ நிலையோ அதுவரை நீடிக்கிறது என்று சொல்லவே அது பயன்படும்: 'ஐ வில் பி ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே'. அறிக்கையை 'அன்டில் ஃப்ரைடே' அனுப்புவேன் என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும். எதிர்மறையில்தான் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அங்கே இரண்டு சொற்களும் இலக்கணப்படி பொருந்தி, வேறு வேறு பொருள் தரும். 'ஐ வோன்ட் ஃபினிஷ் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளி கடந்தும் வேலை முடிந்திருக்காது. 'ஐ வோன்ட் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கு முன் முடியாது, வெள்ளியன்று முடியும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது இதில் சொல் மாறிப்போவது சிறிய விஷயமல்ல.

மறுமொழி 2:
'பை ஃப்ரைடே' என்பதில் வெள்ளியும் அடங்கும். 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு கெடு முடிந்துவிடும். ஆனால் வெள்ளி மாலை அலுவலகம் மூடும் வரையா, நள்ளிரவு வரையா என்பதை 'பை' சொல்லாது. அதனால் மணியையும் சேர்த்து 'பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே' என்று எழுதுவதே நல்லது. ஒப்பந்தங்களில் 'ஆன் ஆர் பிஃபோர் 31 மார்ச்' என்று எழுதுவதும் அந்தத் தேதி கெடுவில் சேருமா என்ற ஐயத்துக்கு இடம் வைக்காமலிருக்கத்தான்.

மேலே சொல்லப்பட்ட விடுப்பு வாக்கியத்திலும் இதே சிக்கல் உண்டு. வெள்ளியன்று அவர் வேலைக்கு வருவாரா என்பது 'அன்டில்' மட்டும் கொண்டு தெளிவாகாது. அமெரிக்கர்கள் 'த்ரூ ஃப்ரைடே' என்பார்கள். அதில் வெள்ளியும் விடுப்புதான். நமக்கு எளிய வழி, திரும்பி வரும் நாளை எழுதிவிடுவது: 'ஐ வில் பி பேக் ஆன் மண்டே'.

மறுமொழி 3:
'இன்' பற்றியும் ஒரு சொல். 'ஐ வில் ரிப்ளை இன் எ வீக்' என்று எழுதினால், ஒரு வாரம் கழித்துப் பதில் வரும் என்றே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஒரு வாரத்துக்குள் எந்த நாளிலும் அனுப்பலாம் என்பது உங்கள் கருத்தானால் 'விதின் எ வீக்' என்றே எழுதுங்கள்.