தீர்த்தமலைக் கருப்புக் கல்: காந்தம் ஒட்டுகிறது, ஸ்டேப்ளர் பின் ஒட்டவில்லை. இது காந்தக்கல்லா?

அரூர்_ஆய்வகம்:
தீர்த்தமலை அடிவாரத்து ஓடையில் உருண்டு வந்த கல். உள்ளங்கை அளவு, 520 கிராம், கருப்பும் வெளிர்சாம்பலும் வரிவரியாக இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் டப்பென்று ஒட்டுகிறது. ஆனால் கல்லை ஸ்டேப்ளர் பின் குவியல்மேல் வைத்துத் தூக்கினால் ஒரு பின்கூட ஏறவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு, இந்தக் கல்லிலேயே ஊசியைத் தேய்த்து அந்தக்கால மாலுமிகள் மாதிரி தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். இருபது தடவை தேய்த்தும் ஊசி ஒரு திசையில் நிற்கவில்லை. கல்லில் குறையா, செய்முறையில் குறையா? பக்கத்தில் வைக்கும் அட்டையில் காந்தமலை கப்பலின் இரும்பு ஆணிகளை இழுக்கும் என்ற பழங்கதையை எழுதலாமா?

கல்லும்மண்ணும்:
ஒட்டுவது வேறு, இழுப்பது வேறு சார். காந்தம் போய் ஒட்டுகிற கல்லெல்லாம் காந்தக்கல் ஆகாது. தீர்த்தமலையிலும் சேலம் கஞ்சமலையிலும் இருப்பது மாக்னடைட் குவார்ட்சைட், அதாவது இரும்புத் தாதும் படிகக்கல்லும் மாறிமாறிப் படிந்த பாறை. நீங்கள் சொல்லும் வரிகள் அதுதான். மாக்னடைட்டைக் காந்தம் இழுக்கும். ஆனால் அதுவே காந்தமாக மாற, உள்ளே ஒரே பக்கம் பார்த்து உறைந்த காந்தத்தன்மை வேண்டும்.

நம் பக்கம் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான், மிகப் பலவீனம். அதைக் கொண்டு ஒரு கல் காந்தக்கல்லாக முடியாது. மின்னல் விழுந்து அந்த மின்னோட்டம் பாறை வழியாகப் பாய்ந்தால் ஆகும் என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம். ஆய்வாளர்கள் வாசிலெவ்ஸ்கியும் கிளெடெச்காவும் 1999இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஏறிய காந்தம் நிற்கவும் வேண்டும். மாக்னடைட்டுக்குள் மாக்ஹமைட் (மாக்னடைட் ஆக்சிஜனேறி உருவாகும் இன்னோர் இரும்பு ஆக்சைடு) நுணுக்கமாகக் கலந்திருந்தால்தான் நிற்கும். அதனால்தான் இயற்கைக் காந்தக்கல் நிலத்தின் மேற்பரப்பில் கிடைக்கிறது, ஆழத்திலிருந்து வெட்டியெடுக்கும் தாதில் கிடைப்பதில்லை.

மூன்று சோதனை போதும். முதலாவது திசைகாட்டிதான். சாதாரணத் திசைகாட்டியை மேசையில் வைத்து, கல்லை ஒரு முழத் தூரத்திலிருந்து மெல்ல நெருக்கி, ஒவ்வொரு முகமாகத் திருப்புங்கள். எந்த முகத்தைக் காட்டினாலும் முள்ளின் இரண்டு முனையும் கல்லை நோக்கி வந்தால், அது வெறும் மாக்னடைட். ஒரு முகம் வட முனையைத் தள்ளிவிட்டால் மட்டுமே காந்தக்கல். தள்ளுவதுதான் சான்று, இழுப்பது சான்றே இல்லை. இதில் பலர் வழுக்கி விழுவார்கள்: ஸ்பீக்கர் காந்தத்தை முதலில் ஒட்டிப் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் கொஞ்சம் காந்தம் ஏறிவிடும், பிறகு திசைகாட்டி பொய் சொல்லும். எனவே காந்தம் பட்ட இடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். வலுவான கல்லைச் சட்டென்று கிட்டே கொண்டுபோனால் முள்ளே வடக்கு தெற்காக மாறிவிடவும் கூடும்.

இரண்டாவது, டைல்ஸின் பின்பக்கம், மெருகு இல்லாத இடத்தில் கீறுங்கள். கோடு கருப்பாக விழுந்தால் மாக்னடைட், செம்பழுப்பு என்றால் ஹெமடைட் என்ற வேறு இரும்புத் தாது.

மூன்றாவது அடர்த்தி. டிஜிட்டல் தராசில் தண்ணீர் மக்கை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல்லின் எடையை அதால் வகுங்கள். சுத்த மாக்னடைட் 5.2, குவார்ட்ஸ் 2.65.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிக் கருப்புக் கிரானைட்டிலும் வலுவான காந்தம் லேசாகப் பிடிக்கும். அது டோலரைட் என்ற எரிகுழம்பு உறைந்த பாறை, அதில் மாக்னடைட் துளித்துளியாகத்தான் இருக்கும். பழைய உலைகளின் கிட்டமும் (இரும்பு உருக்கிய கழிவு) வயலில் கிடக்கும், அதையும் காந்தம் பிடிக்கும். கிட்டம் என்றால் காற்றுக் குமிழ்க் குழிகளும் உருகி வழிந்த தழும்பும் தெரியும். இரும்பு உருக்கிய ஊர்கள் நம்முடையவை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போவதாக 2022இல் அறிவித்தார்கள்.

ஓசூர்_கடைசல்:
ஊசி வேலையைப் பார்ப்போம். தையல் ஊசியைத்தான் எடுக்க வேண்டும், கட்டுக்கம்பி ஆகாது. கட்டுக்கம்பி பதம் இறக்கிய மெல்லிரும்பு, காந்தம் ஏறின வேகத்தில் இறங்கிவிடும். கார்பன் எஃகு ஊசியில்தான் நிற்கும்.

காந்தத்தின் ஒரே முனையால், ஊசிக் காதிலிருந்து கூர்முனை நோக்கி, ஒரே திசையில் 30, 40 தடவை தேயுங்கள். முனைக்கு வந்ததும் கையைத் தூக்கி வளைத்துக் காதுக்குத் திரும்புங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ஏறினதை நீங்களே அழிக்கிறீர்கள். கடைசியாகத் தொட்ட முனைக்கு எதிர் துருவம் வரும்: வட துருவத்தால் தேய்த்தால் கூர்முனை தெற்கைக் காட்டும். கண்காட்சியில் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

மிதவைக்கு நெட்டியை ஒரு ரூபாய் நாணய அளவு வட்டமாகச் சீவி, ஊசியை மேலே கிடையாகச் செருகுங்கள். தெர்மோகோலும் சரி. பாத்திரம் மண்சட்டியோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். எவர்சில்வரில் சில ரகத்தைக் காந்தம் இழுக்கும், அதனால் வேண்டாம். தண்ணீர் பாதிதான் இருந்தால் நெட்டி கரையோரம் போய் ஒட்டிக்கொண்டு அசையாது. விளிம்பைத் தாண்டி லேசாகப் புடைக்கும் வரை ஊற்றினால் நடுவிலேயே நிற்கும். ஃபேனை நிறுத்துங்கள். இரும்புக் கால் மேசை, ஸ்பீக்கர், செல்போன் எதுவும் பக்கத்தில் கூடாது. ஊசி நின்ற பிறகு சட்டியை அரை வட்டம் திருப்புங்கள், ஊசி பழைய திசைக்கே வர வேண்டும். நம் மாவட்டங்களில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள விலகல் இரண்டு பாகைக்கும் குறைவு, இந்தச் சட்டியில் தெரியாது.

சொல்லடுக்கு:
அட்டைக்குச் சில செய்திகள். கப்பலைப் பிடிக்கும் கல்லைப் பற்றி 2ஆம் நூற்றாண்டில் புவியியல் அறிஞர் தாலமி எழுதினார்: மணியோலை என்ற பத்துத் தீவுகள், இரும்பு ஆணி அடித்த கப்பல் அங்கே நின்றுவிடும் என்று. இந்தியப் பெருங்கடலில் மரக்கலங்களை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்ததற்கு அதுவே காரணம் என்றும் பேசினார்கள். 6ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இதை மறுத்தார். செங்கடலில் ரோமானியக் கப்பல்கள் எவ்வளவோ இரும்போடு போகின்றன, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். தைத்ததற்குக் காரணம் வேறு: அலை மோதும் மணற்கரையில் தைத்த படகு நெளிந்து கொடுக்கும், ஆணி அடித்தது விரிசல் விடும். கதையை எழுதுங்கள், இந்த மறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

பூண்டு பட்டால் காந்தம் செத்துவிடும் என்பது இன்னொரு பழங்கதை, பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடமே இருக்கிறது. காந்தத்தை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் சோதித்து ஒதுக்கினார். வைரத்தில் தேய்த்த இரும்பு வடக்கு பார்க்கும் என்பதையும் 75 வைரங்களை வைத்துச் சோதித்துப் பொய் என்று காட்டினார். உங்கள் மேசையில் பூண்டு வைத்து மாணவர்களே செய்து பார்க்கட்டும், ஐந்து நிமிட வேலை.

தேய்த்த ஊசி தெற்கைக் காட்டும், ஆனால் சற்றே கிழக்கே சாயும் என்று சீனாவில் அறிஞர் ஷென் குவோ 1088 வாக்கில் குறித்தார். காந்தக்கல்லை உருண்டையாக இழைத்து, ஊசியை மேலே வைத்துத் துருவங்களைக் கண்டுபிடிக்கும் முறையை 1269இல் பிரெஞ்சு அறிஞர் பீட்டர் பெரெக்ரைனஸ் எழுதினார். மாலுமிகள் கல்லைக் கூடவே கொண்டுபோனார்கள், ஊசியில் காந்தம் இறங்க இறங்கத் திரும்பத் தேய்க்க.

பெயர்களையும் விடாதீர்கள். வடமொழியில் அயஸ்காந்தம் என்றால் இரும்பின் காதலன். சீனத்தில் அன்புக் கல். ஆங்கிலத்தில் லோட்ஸ்டோன், வழிகாட்டும் கல். தமிழில் எனக்குப் பெரிதாகப் படுவது சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரம்: 'காந்தம் கண்ட பசாசத் தவையே'. இங்கே பசாசம் பேய் அல்ல, இரும்பு. காந்தம் இருந்த இடத்தில் இருக்க, அதன் முன்னிலையில் இரும்பு அசைகிறது. அப்படியே அருளின் முன்னிலையில் உயிர் தொழிற்படுகிறது என்கிறார் அந்நூலின் ஆசிரியர் மெய்கண்டார். பிளேட்டோ இதே கல்லை வேறு விதமாகப் பயன்படுத்தினார்: ஒன்றில் ஒன்று தொங்கும் இரும்பு வளையங்கள், கலைத்தேவி, கவிஞன், பாடுபவன், கேட்பவன் என்று இழுப்பு கைமாறிப் போகிறது. பின்களைச் சங்கிலியாகத் தொங்கவிட்டு அதைக் காட்டலாம்.

அரூர்_ஆய்வகம்:
நன்றி. தண்ணீரில் 148 காட்டியது. டைல்ஸில் கருப்புக் கோடு. திசைகாட்டி முள்ளின் இரண்டு முனையும் எல்லா முகத்துக்கும் வருகிறது, ஸ்பீக்கர் காந்தம் பட்ட ஓரிடத்தில் மட்டும் லேசான தள்ளல்.

கல்லும்மண்ணும்:
520ஐ 148ஆல் வகுத்தால் 3.5. எடையில் ஏறக்குறைய பாதி மாக்னடைட், மீதி குவார்ட்ஸ். தாதுக்கல், காந்தக்கல் அல்ல. அந்தத் தள்ளல் நீங்கள் ஏற்றியது. ஊசிக்கு ஸ்பீக்கர் காந்தத்தையே வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் காந்தக்கல் என்று கொடுப்பதை வாங்கினால், வாங்கும் முன் திசைகாட்டி வைத்துத் தள்ளுகிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதைச் சுத்தியலால் தட்டாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள்: 580 பாகை செல்சியஸ் அளவில் காந்தம் போய்விடும். இரண்டு துருவத்தையும் இணைத்து ஒரு மெல்லிரும்புத் துண்டை ஒட்டியே வையுங்கள். உங்கள் வரிக்கல்லையும் பக்கத்திலேயே வைத்து, இரண்டின் மேலும் பின்களைத் தூவ விடுங்கள்.

ஓசூர்_கடைசல்:
பின்னோடு கொஞ்சம் லேத் தூளும் வையுங்கள். அலுமினியம் கலக்காத தூளாகக் கேட்டு வாங்குங்கள். காந்தத்தைப் பாலிதீன் உறையில் போட்டுத்தான் தூளில் விடுங்கள், வெறுமனே விட்டால் தூளைப் பிரிப்பதற்குள் மாலையாகிவிடும். உறையை உள்வெளியாகத் திருப்பினால் எல்லாம் தானே உதிரும். இதே உறையை மழை நின்றதும் ஓடை மணலில் இழுத்தால் கருமணல் வரும், அதையும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் வைக்கலாம்.