கெல்லி பண்ணை வீடு, 1955: வந்தது ஆந்தைதானா?

துருவமீன்
வேற்றுக்கிரகவாசிகள் வந்ததாகச் சொல்லப்படும் அந்த இரவில் வந்தது வெறும் ஆந்தைதான் என்ற கதையை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? 1955 ஆகஸ்ட் 21 இரவு, அமெரிக்காவின் கென்டக்கியில் ஹாப்கின்ஸ்வில் பக்கம் கெல்லி என்ற சிற்றூர். பண்ணை வீட்டைச் சுற்றி வந்த உருவங்களுக்கு உயரம் மூன்று, மூன்றரை அடி, பெரிய காது, தரை தொடும் கை, வெள்ளி மினுமினுப்பு என்று அந்த வீட்டார் சொன்னார்கள். கொம்பன் ஆந்தை நிமிர்ந்து நின்றாலே இரண்டடி. மிச்சம் ஒன்றரை அடி?

கரும்பலகை
இருட்டு கொடுத்தது. ஆகஸ்ட் 17 அமாவாசை. 21-ஆம் தேதிப் பிறை முன்னிரவிலேயே இறங்கிவிடும். அளவு தெரிந்த பொருள் பக்கத்தில் இல்லையென்றால் கண் தூரத்தைத் தப்பாகப் போடும், உயரமும் அதே விகிதத்தில் தப்பும். நாலு மீட்டரில் இருப்பதை ஏழு என்று நினைத்தால் இரண்டடி மூன்றரை அடி ஆகிவிடும். "நீண்ட கை" என்பது பாதி விரித்த இறக்கை. இப்படிப்பட்ட மர்மக் கதைகளை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் ஜோ நிக்கல் 2006-இல் ஆந்தை என்று எழுதியதும் இந்த மாதிரி ஒப்பீட்டை வைத்துத்தான்.

துருவமீன்
சரி, துப்பாக்கி? .22 ரைஃபிள், ஷாட்கன் இரண்டாலும் கிட்டத்தில் சுட்டிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிவாக்கில் அவர்கள் ஸ்டேஷனுக்கு ஓட, போலீசோடு ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமின் ராணுவப் போலீசும் வந்து தேடியது. ரத்தம் இல்லை, உடல் இல்லை. அவ்வளவு கிட்டத்தில் ஷாட்கன் பட்ட பறவை இறகுக் குவியலாகத்தானே கிடக்கும்?

கரும்பலகை
பட்டிருந்தால். ஷாட்கன் சுட்டால் தப்பவே தப்பாது என்பது சினிமாவில் மட்டும். ரவைகளின் சிதறல் கெஜத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். ஏழு கெஜத்தில் ஏழு அங்குலம், ஒரு சாண்கூட இல்லை. வெளிச்சமான அறையிலிருந்து இருட்டைப் பார்த்துச் சுடுகிறார்கள். கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும், குழல்முனைத் தீ ஒவ்வொரு முறையும் அதைக் கெடுக்கும். மரத்திலிருந்து "மிதந்து" இறங்கியதாம். ஆந்தை சத்தமில்லாமல் சறுக்கி இறங்குவது பார்க்க அப்படித்தான் இருக்கும்.

பதிவேடு
இருவருமே கொஞ்சம் தாராளமாக அளக்கிறீர்கள்.

கரும்பலகை, அந்த வீட்டார் சொன்னதை வைத்து வரைந்த படங்களில் கண் தலையின் ஓரத்தில் இருக்கிறது. ஆந்தைக்குக் கண் நேர்முன்னே. கூட்டைக் காக்கத்தான் திரும்பத் திரும்ப வந்தது என்று சிலர் எழுதுவதும் நிற்காது: கொம்பன் ஆந்தை முட்டையிடுவது குளிர்காலத்தில், ஆகஸ்டில் கூடு காலி.

துருவமீன், கூட்டம் கூட்டமாக வந்ததாகப் பேசுகிறார்கள், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. "பச்சைக் குள்ளர்கள்" பத்திரிகைச் சாயம். பெரிய ஓட்டை வேறு: கிணற்றடியில் ஒருவர் ஒளி இறங்குவதைப் பார்த்தது ஏழு மணிவாக்கில், உருவங்கள் வந்தது சுமார் ஒரு மணி நேரம் கழித்து. பறக்கும் கலம் எதுவும் தரையில் நின்றதையோ அதிலிருந்து எதுவும் இறங்கியதையோ பார்த்தவர் இல்லை. வானியலாளர் ஹைனெக் 1972-இல் வகுத்த மூன்றாம் வகைச் சந்திப்பில் (பறக்கும் கலத்தோடு உயிருருவங்களையும் பார்த்ததாகச் சொல்லும் வகை) இதைச் சேர்ப்பவர்கள் ஒளியையும் உருவங்களையும் தாங்களே முடிச்சுப் போடுகிறார்கள்.

கரும்பலகை
கூடு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறக்கத் தொடங்கிய குஞ்சு இலையுதிர்காலம் வரை பெற்றோரைச் சுற்றியே இரை கேட்டுத் திரியும். இரண்டு உருவம் என்பது அதோடு பொருந்துகிறது. அந்த ஒளி எரிவிண்மீனாக இருக்கலாம். அது மரத்துக்குப் பின்னால் விழுந்ததாகத் தோன்றும், நிஜத்தில் பல கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்திருக்கும்.

துருவமீன்
போலீஸ் போனபின் விடிகாலை மூன்றரைக்குத் திரும்ப வந்ததே?

கரும்பலகை
கார், டார்ச், ஆள்கூட்டம் எல்லாம் போனபிறகு எந்த ஆந்தையும் அப்படித்தான் வரும்.

துருவமீன்
குண்டு பட்டதும் உலோக வாளியில் அடித்த மாதிரி ஓசை கேட்டது என்கிறார்களே. இறகிலா வந்தது?

கரும்பலகை
பின்னால் இருந்த தகரத்திலோ வாளியிலோ பட்டிருக்கும். பண்ணை முற்றத்தில் அதற்கா பஞ்சம்?

துருவமீன்
அப்படியானால் ஓட்டை விழுந்த தகரத்தைக் காட்டுங்கள். போலீஸ் பார்த்தது ஜன்னல் வலையில் இருந்த ஓட்டையைத்தான்.