60 நொடியில் வர வேண்டிய 504 ஏன் 120 நொடியில் வருகிறது?

கரிச்சான்:
என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக (வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் உள்ள சர்வர்களுக்குக் கைமாற்றுவதாக) வைத்து, பின்னால் ஒரே ஆப்பை இரண்டு சர்வரில் ஓட்டுகிறேன். மாதாந்திர அறிக்கைப் பக்கம் மட்டும் 504 (பின்னாலிருந்து நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற பிழை) தருகிறது. ஆப்பின் போர்ட்டுக்கு நேராகப் போனால் 90 நொடியில் வந்துவிடுகிறது. டைம்அவுட் எதையும் நான் தொடவில்லை, அப்படியென்றால் இயல்பாக உள்ள 60 நொடியில்தானே அறுபட வேண்டும், ஆனால் 120 ஆகிறது. இதற்கு நடுவே லாகின் பக்கம்கூட எப்போதாவது சில நொடிகள் 502 (பின்னாலிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்ற பிழை) காட்டிவிட்டுத் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஒற்றைப்பனை:
ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்டை, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, 600 நொடி என்று போட்டு ரீலோட் செய்யுங்கள். வேலை முடிந்தது.

மின்மினி:
எங்கே முடிந்தது? 120 எப்படி வந்தது என்பதுதானே கேள்வி. கரிச்சான், அக்ஸஸ் லாகில் அப்ஸ்ட்ரீமின் (பின்னால் உள்ள சர்வரின்) முகவரியும் அது எடுத்துக்கொண்ட நேரமும் பதிவாகும்படி செய்துவிட்டு ஒருமுறை அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

கரிச்சான்:
ஒரே வரியில் இரண்டு முகவரிகள், நேரம் 60.001, 60.002 என்று இரண்டு. எரர் லாகில் அங்கங்கே "நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ்" (அனுப்ப எந்த சர்வரும் இல்லை) என்று இருக்கிறது.

மின்மினி:
நினைத்தேன். முதல் சர்வர் 60 நொடியில் பதில் தராததால் என்ஜின்எக்ஸ் அதே கோரிக்கையை இரண்டாவது சர்வருக்கு அனுப்பியிருக்கிறது. எப்போது அடுத்த சர்வருக்குப் போகலாம் என்று சொல்லும் ப்ராக்ஸி_நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீம் இயல்பிலேயே எரர், டைம்அவுட் இரண்டுக்கும் அப்படித்தான் செய்யும். உங்களுடையது கெட் (தகவலை வாங்க மட்டும் வரும்) கோரிக்கை என்பதால் தயங்காமல் அனுப்பிவிட்டது, போஸ்ட்டாக (தகவலை உள்ளே அனுப்புவதாக) இருந்தால் அனுப்பிய பிறகு இப்படி மாற்றிவிடாது. முதல் சர்வரில் ஆரம்பித்த குவெரி (டேட்டாபேஸ் தேடல்) நின்றிருக்கும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது பாட்டுக்கு ஓடும். ஆக டேட்டாபேஸில் ஒரே அறிக்கை இரண்டு தடவை ஓடுகிறது, யாராவது பொறுமையிழந்து ரிஃப்ரெஷ் தட்டினால் நாலு.

502 கதையும் இதேதான். எத்தனை தோல்விக்கு ஒரு சர்வரை ஒதுக்குவது என்ற மேக்ஸ்_ஃபெயில்ஸ் இயல்பாக 1, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்ற ஃபெயில்_டைம்அவுட் 10 நொடி. ஒருமுறை டைம்அவுட் ஆனாலே அந்த சர்வர் 10 நொடி ஒதுக்கிவைக்கப்படும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அறிக்கை கேட்டால் இரண்டு சர்வரும் ஒதுங்கிவிடும், லாகினுக்கு வந்தவர் 502 வாங்கிக்கொண்டு போவார்.

ஒற்றைப்பனை:
அருமையான விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் 600 போட்டிருந்தால் 90 நொடியில் பதில் வந்திருக்கும், மறுமுயற்சியும் இல்லை, ஒதுக்கிவைப்பதும் இல்லை. நான் சொன்னதில் என்ன தப்பு?

மின்மினி:
மொத்த தளத்துக்கும் பொதுவான சர்வர் பிளாக்கில் போட்டால் தப்பு. ஆப் ஒருநாள் தொங்கிப் போனால் லாகினும் 10 நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், இணைப்புகள் குவிந்து கிடக்கும். அறிக்கைக்குரிய லொக்கேஷனில் (அந்தப் பக்கத்துக்கான அமைப்புப் பகுதியில்) மட்டும் 180 போடுங்கள், ப்ராக்ஸி_நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீமில் எரர் மட்டும் இருக்கட்டும். அப்போது சர்வர் ஒதுக்கப்படுவதும் நின்றுவிடும்.

ஒற்றைப்பனை:
நிற்காது! ஆவணத்தைப் படியுங்கள். நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீமில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் டைம்அவுட் தோல்வியாகத்தான் எண்ணப்படும். அதை நிறுத்த மேக்ஸ்_ஃபெயில்ஸ் 0 வேண்டும். அதோடு, ஒரு சர்வர் மின்சாரமே இல்லாமல் கிடந்தால் இணைக்கப் போகும்போதே டைம்அவுட் ஆகும், நீங்கள் டைம்அவுட்டை எடுத்துவிட்டதால் அப்போதும் அடுத்த சர்வருக்குப் போகாது.

மின்மினி:
ஆமாம், முதலாவதில் சறுக்கிவிட்டேன். இரண்டாவதும் நியாயம்தான், ஆனால் அந்த விலையை ஒரு லொக்கேஷனுக்கு மட்டும் கொடுக்கலாம். அதே இரண்டு சர்வர்களை வைத்து அறிக்கைக்குத் தனி அப்ஸ்ட்ரீம் பிளாக் எழுதி, அதில் மட்டும் மேக்ஸ்_ஃபெயில்ஸ் 0 வையுங்கள். கனெக்ட் டைம்அவுட்டை 3 நொடியாகக் குறையுங்கள், செத்த சர்வர் என்றால் பிழை சீக்கிரமாவது தெரியும். என்னைக் கேட்டால் 90 நொடி ஓடும் வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, முடிந்ததும் இணைப்பு கொடுப்பதுதான் சரி.

ஒற்றைப்பனை:
மாதம் ஒருமுறை எடுக்கும் அறிக்கைக்கு யார் உட்கார்ந்து க்யூ (பின்னணி வேலைகளுக்கான வரிசை) எழுதுவது?

கரிச்சான்:
தனி அப்ஸ்ட்ரீம், 180 நொடி, மேக்ஸ்_ஃபெயில்ஸ் 0 எல்லாம் போட்டாயிற்று. இப்போது லாகில் ஒரே முகவரி, நேரம் 57.3. முன்பு 90 ஆனதே, அப்போது பழைய குவெரிகளும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தனவோ என்னவோ. க்யூ பற்றி நீங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்.